கேட்காமல் எடுத்த படம்

எர்லாங்கன்
5 ஜூன் 2025

திரு. அனந்தராமன் அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் என் முகத்தை இரண்டு மாதத்துக்கு ஒரு சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். ஆகவே நான் யார் என்று நானே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

என் பெயர் மக்டலீன் யாகோப்பு. வயது அறுபத்து மூன்று. சொந்த இடம் யாழ்ப்பாணம், குருநகர். முப்பத்தைந்து வருடமாக இந்த எர்லாங்கனில் இருக்கிறேன். எங்கள் பகுதி நூலகத்தில் ‘நகரமும் மனிதரும்’ என்று நீங்கள் வைத்திருக்கும் கண்காட்சியில் இருபத்து மூன்றாவது படத்தில் இருப்பவள் நான்தான். வாசற்கதவில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியிலும் நான்தான்.

இதை நான் அறிந்த விதத்தைக் கேளுங்கள். என் மகள் யூலியா தன் பிள்ளைக்குப் புத்தகம் எடுக்கப் போனவள், அங்கிருந்தே போன் எடுத்தாள். “அம்மா, உங்கட படம் லைப்ரரி வாசலில ஒட்டிக் கிடக்கு. நீங்கள் இந்தியாவில இருந்து வந்தனீங்களாம்” என்றாள். பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் வேலை முடிந்து நானே போய்ப் பார்த்தேன். படத்தின் கீழே நீங்கள் ஜேர்மன் மொழியில் எழுதியிருப்பதை அப்படியே தமிழில் தருகிறேன்: ‘மகனைப் பார்க்க இந்தியாவிலிருந்து வந்திருக்கும் ஒரு தாய், ஜேர்மனியின் பூக்களை வியந்து பார்க்கிறார்.’

ஒரு வரியில் மூன்று பிழை. நான் இந்தியாவிலிருந்து வரவில்லை. எனக்கு மகன் இல்லை, ஒரே ஒரு மகள். பூக்களை நான் வியக்கவும் இல்லை. அரண்மனைத் தோட்டத்தில் அந்தத் துலிப் பாத்தியைப் போன நவம்பரில் முழங்காலில் நின்று நட்டவர்களில் நானும் ஒருத்தி. இருபத்தாறு வருடமாக அந்தத் தோட்டத்தில் எனக்கு அதுதான் வேலை. நீங்கள் படம் எடுத்த நேரத்தில் மூன்றாவது வரிசையில் ஏழு கிழங்கு ஏன் முளைக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த நாட்டில் முறைப்பாடு என்றால் தபாலில் வரவேண்டும், அதற்குத் தவணையும் இருக்க வேண்டும். நானும் அப்படியே செய்கிறேன். பதினான்கு நாள் தருகிறேன். பத்தொன்பதாம் திகதி நற்கருணைப் பெருநாள் விடுமுறை, அதைக் கழித்துவிட்டு இருபதாம் திகதிக்குள் படத்தைச் சுவரிலிருந்தும் கதவிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மக்டலீன் யாகோப்பு


எர்லாங்கன்
12 ஜூன் 2025

மதிப்பிற்குரிய மேக்டலின் அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நூலகத்தில் கொடுத்தார்கள். தமிழில் என் பெயர் எழுதிய உறையைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டுப் பிரித்தேன். படித்ததும் காது சூடாகிவிட்டது. முதலில் மன்னிப்பு. அந்த வரியை அன்றைக்கே கிழித்துவிட்டேன். படத்தின் கீழே இப்போது எதுவும் இல்லை.

என்னைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் சேலம். இங்கே ஒரு மின்சாதன நிறுவனத்தில் பொறியாளர், வந்து நாலு வருஷம் ஆகிறது. வந்த இரண்டாம் வருஷம் ஆபீசில் பேசுவதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. சில சனி, ஞாயிறு வாயைத் திறக்காமலே போய்விடும். அதற்காகத்தான் கேமரா வாங்கினேன். எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஊரில் பேர்போன ஓர் இடத்தை எடுக்க வேண்டும். அங்கே நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், “உங்களைச் சேர்த்து எடுக்கலாமா?” என்று கேட்க வேண்டும். பத்து நிமிஷமாவது பேச வேண்டும். பிறகு சம்மதப் படிவத்தில் கையெழுத்து, பெயர், அவர்கள் சொல்ல விரும்பும் ஒரு வரி. இந்த நாட்டில் ஒருவர் முகம் அவருக்குத்தான் சொந்தம் என்பதை முதல் மாதமே தெரிந்துகொண்டேன். படிவம் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும்.

உங்களையும் நான் ஒளிந்து நின்று எடுக்கவில்லை. எதிரே பத்தடியில்தான் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், சிரித்தீர்கள், பக்கத்தில் இருந்த கைப்பையைக்கூட நகர்த்தி வைத்துக் கொடுத்தீர்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எர்லாங்கனில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா என்றால் ஏப்ரலில் வந்து ஜூலையில் திரும்பிப் போகும் அம்மாதான். எங்கள் அபார்ட்மெண்டில் மட்டும் இப்போது ஐந்து பேர் இருக்கிறார்கள். அதுவும் நீங்கள் உட்கார்ந்திருந்த விதம் அப்படியே என் அம்மா. அதனால் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் அம்மா, அது நல்ல படம். நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். நூலகத்துக்காரர்கள் இருபத்து மூன்றையும் பார்த்துவிட்டு அதைத்தான் சுவரொட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். படிவம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறியிட்ட இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், உங்கள் பெயரையும் வேலையையும் சரியாக எழுதி வைத்துவிடுகிறேன். நீங்கள் இவ்வளவு அழகாகப் பூ நட்டிருப்பது ஊருக்கே தெரியும்.

அன்புடன்,
அனந்தராமன்


எர்லாங்கன்
16 ஜூன் 2025

திரு. அனந்தராமன் அவர்களுக்கு,

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். என் பெயரையும் பிழையாக எழுதியிருக்கிறீர்கள். முதல் கடிதத்தில் நான் எழுதிய பெயரைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

கைப்பையின் கதை இதுதான். நான் உட்கார்ந்திருந்த வாங்குக்குப் பின்னால் பெரிய நீரூற்று இருக்கிறது. முன்னூறு வருடத்துக்கு முன் பிரான்சிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்த சனம் கீழே கல்லில் நிற்கும், அவர்களுக்கு இந்த ஊரில் இடம் கொடுத்த அரசர் உச்சியில் நிற்பார். தினமும் பத்துப் பேராவது அதைப் படம் எடுப்பார்கள். நீங்களும் அதைத்தான் எடுக்கிறீர்கள் என்று நினைத்தேன். என் பழைய கைப்பை உங்கள் வடிவான படத்தைக் கெடுத்துவிடும் என்று நகர்த்தினேன். உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று நான் விலகியதை நீங்கள் சம்மதம் என்கிறீர்கள்.

அன்றைக்கு ஈஸ்டருக்கு அடுத்து வரும் வெள்ளை ஞாயிறு. என் தங்கையின் பேத்திக்கு முதல்நன்மை, பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு நேரம் இருந்ததால் தோட்டத்துக்குள் வந்து இருந்தேன். சேலை கட்டியதற்குக் காரணம் அதுதான். சேலை கட்டியவள் எல்லாம் திரும்பிப் போகிறவள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடத்தைச் சொல்கிறேன். பிழையான வரியைக்கூட மன்னித்திருப்பேன். சுவரில் உள்ள மற்ற இருபத்திரண்டு படங்களையும் ஒவ்வொன்றாக நின்று பார்த்தேன். எல்லாவற்றின் கீழும் பெயர் இருக்கிறது, அவரவர் சொன்ன வரி இருக்கிறது. இருபத்திரண்டு பேரும் ஜேர்மன்காரர், இல்லாவிட்டால் வேறு வெள்ளைக்காரர். அத்தனை பேரிடமும் படிவத்தை நீட்டியிருக்கிறீர்கள். தமிழச்சி ஒருத்தியைக் கண்டதும் படிவம் பையை விட்டு வெளியே வரவில்லை. நான் உங்கள் அம்மா மாதிரி இருந்தேனாம். உங்கள் அம்மாவைக் கதவில் ஒட்டுவதென்றால் அவவிடமும் கேட்கத்தான் வேண்டும். தயவுசெய்து என்னை அம்மா என்று எழுதாதீர்கள். என்னைக் கண்ட உடனே உறவாக்கிவிட்டீர்கள், அதனால்தான் கேட்க மறந்தீர்கள்.

படங்களைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் நனைந்த சட்டையோடு நிற்கிறாரே, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றேன். பக்கத்து ஊர் மொஹ்ரன்டோர்ஃபில் ஆற்றில் அந்தச் சக்கரங்களை வருடா வருடம் கழற்றிப் பூட்டுவார்கள், அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாரம் அவருடைய தோளில் தெரிகிறது. பிரெஞ்சுக்காரர் கோயில் வாசலில் தபால்காரி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதும் அப்படித்தான். அவ எங்கள் தெருவுக்கும் வருகிறவ, எட்டு வருடத்தில் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. உங்களிடம் ஏதோ நல்ல கதை கதைத்திருக்கிறா. உங்களுக்குக் கண் இருக்கிறது. கண் இருக்கிறவர் என்னைப் பார்க்காமல் விட்டதுதான் எனக்குக் கோபம்.

தவணை இருபதாம் திகதிதான்.

மக்டலீன் யாகோப்பு


எர்லாங்கன்
20 ஜூன் 2025

மக்டலீன் அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாமா? கூடாது என்றால் சொல்லுங்கள், திருமதி யாகோப்பு என்று எழுதுகிறேன்.

படத்தைப் பதினெட்டாம் தேதி சாயந்திரம் கழற்றிவிட்டேன். சுவரொட்டிகள் நாலையும் எடுத்துவிட்டேன். கதவில் இப்போது வெறும் எழுத்து மட்டும் உள்ள தாள்தான். சுவரில் இருபத்து மூன்றாவது ஆணி காலியாக இருக்கிறது. நூலகத்து அம்மையார், “இதில் வேறு படம் மாட்டலாமே” என்றார். மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் கேட்ட கேள்வி மூன்று நாளாக என்னைத் தூங்க விடவில்லை. மற்றவர்களிடம் கேட்டவன் உங்களிடம் ஏன் கேட்கவில்லை? அம்மா மாதிரி இருந்தீர்கள் என்று எழுதினேன். அது பாதிதான் உண்மை. மீதியை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜெர்மன்காரர்களிடம் பேச எனக்குப் பயம் இல்லை. பத்து நிமிஷம் பேசுவார்கள். அந்தக் கோபுரம், அந்த மழை, அவர்களுடைய நாய். கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். தமிழில் வாயைத் திறந்தால் இரண்டாவது நிமிஷமே, “தம்பி எந்த ஊரு, கல்யாணம் ஆச்சா, எத்தனை குழந்தை?” என்று வரும். எனக்குக் கல்யாணம் ஆச்சு, அது முடிந்தும் போச்சு. தேஜஸ்வினி மூன்று வருஷத்துக்கு முன்னால் பெங்களூர் போய்விட்டாள். அதை ஒவ்வொரு முறையும் சொல்லி, எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் தமிழ் முகத்தைக் கண்டால் ஒரு வணக்கம், ஒரு சிரிப்பு, அவ்வளவோடு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு உங்களை எடுத்தே ஆக வேண்டும் என்று கை துடித்தது, பேசவும் பயம். இரண்டும் சேர்ந்து செய்த வேலை இது. பேசியிருந்தால் நீங்கள் யார் என்று தெரிந்திருக்கும். தெரியாததை நானே கற்பனை செய்து நிரப்பிவிட்டேன்.

நேற்று முன்தினம் வேலைக்குப் போகும் வழியில் அரண்மனைத் தோட்டம் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன். துலிப் இல்லை, வேறு ஏதேதோ ஊதாவும் மஞ்சளுமாக இருந்தது. ஆரஞ்சு நிறக் கால்சட்டை போட்ட நாலு பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் நீங்கள். பக்கத்தில் வரவில்லை, கேமராவும் கொண்டுவரவில்லை. தூரத்தில் நின்று பார்த்ததையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

அனந்தராமன்


எர்லாங்கன்
2 ஜூலை 2025

அனந்தராமன் தம்பிக்கு,

அக்கா என்று எழுதலாம். கேட்டீர்களே, அது போதும்.

நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தேன். பச்சைச் சைக்கிளில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்ற ஆளைத் தோட்டக்காரர் காணாமல் இருப்பார்களா? எங்கள் மேற்பார்வையாளர் ஸ்டெஃபான்கூட, “மக்டா, அங்கே உன் மகன் வந்திருக்கிறான்” என்று பகிடி விட்டார். சுவரொட்டி வந்த நாளிலிருந்து வேலையிடத்தில் அது ஓய்ந்த பாடில்லை. முதல் கிழமை அழுகை வந்தது. இப்போது திருப்பிக் கொடுக்கப் பழகிவிட்டேன்.

உங்கள் மனைவியைப் பற்றி எழுதியதை வாசித்தேன். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கப் போவதில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தால் சொல்லுங்கள்.

நீங்கள் பாதி உண்மை, மீதி உண்மை என்று எழுதியதால் நானும் என் மீதியை எழுதுகிறேன். 1990இல் நானும் என் கணவரும் இந்த நாட்டுக்கு வந்து இறங்கினபோது, அகதி முகாமில் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள். நெஞ்சுக்கு நேரே ஓர் இலக்கத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். நேரே ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். யாரும் அதட்டவில்லை, தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். ஆனால் எடுக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஏலாது என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. அந்தக் கோப்பில் நான் யார் என்பதை எனக்குத் தெரியாத ஒருவர் எழுதியிருப்பார். அதன் பிறகு வீட்டுக் கொண்டாட்டத்தில்கூட நான் படத்துக்கு நிற்பது குறைவு. யூலியாவின் கலியாணப் படங்களில் என்னைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே நூலகச் சுவரில் பெயரில்லாமல், வேறு யாரோ எழுதிய கதையோடு என்னைக் கண்டபோது எனக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்கு விளங்கும்.

இது உங்களைக் குத்துவதற்கு எழுதவில்லை. உங்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

தூரத்தில் நின்று பார்ப்பதென்றால் எட்டாம் திகதி, செவ்வாய், காலை ஆறரைக்குக் கிட்ட வந்தே பாருங்கள். வெயில் ஏறுமுன் பெரிய பாத்தியில் வேலை இருக்கிறது. கமரா வேண்டாம்.

மக்டலீன் அக்கா


எர்லாங்கன்
13 ஜூலை 2025

மக்டலீன் அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமையிலிருந்து எழுத வேண்டும் என்று உட்காருகிறேன். முட்டி வலி இன்னும் போகவில்லை. ஒரு மணி நேரம் மண்டியிட்டதற்கே இப்படி என்றால் இருபத்தாறு வருஷத்துக்கு எப்படி என்று நினைத்துக்கொள்கிறேன். நான் களை என்று பிடுங்கியது களை இல்லை என்பதை ஸ்டெஃபானிடம் சொல்லாமல் காப்பாற்றியதற்கு நன்றி.

நான் வந்தது பூவைப் பார்க்க. பார்த்துவிட்டுத் திரும்பியது வேறு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் உங்களைப் பார்த்து அசந்துபோனேன். இந்த ஊரில் மூன்று வருஷமாகப் படிவத்தை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு பேரிடம் பேசினேன், அதைப் பெரிய சாதனை என்று கண்காட்சி வைத்தேன். நீங்கள் அந்த ஒரு காலையில், கையில் மண்ணோடு, நிமிராமலே பத்தொன்பது பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். நாயோடு போன கிழவருக்கு அறுவை சிகிச்சை எப்போது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஓடிக்கொண்டே கையாட்டிய மாணவி இரண்டாம் தடவையாகப் பரீட்சை எழுதுகிறாள் என்று தெரிந்திருக்கிறது. சிரியாக்காரர் ஒருவர் அத்திமரக் கிளையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். “இவருக்கு இஞ்ச வந்து ஆறு மாசம் ஒருத்தரோடயும் கதைக்க ஏலாமல் இருந்தது. மரத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினவர், இப்ப நிப்பாட்டுறாரில்லை” என்று என்னிடம் சொன்னீர்கள்.

நீங்கள் யாரிடமும் ஊர், கல்யாணம், குழந்தை என்று கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. வேலை முடிந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது நானாகத்தான் தேஜஸ்வினியைப் பற்றிச் சொன்னேன். “ம்” என்று கேட்டுக்கொண்டு, “தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ” என்றீர்கள். அதைவிட ஆறுதலாக இந்த மூன்று வருஷத்தில் எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

தோட்டத்தின் நடுவில் அந்த நீரூற்று, பின்னால் அரண்மனை, வெயில் அப்போதுதான் கல்லில் விழுகிறது. கை கேமராவைத் தேடியது, நீங்கள் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன்.

கண்காட்சி ஆகஸ்ட் இரண்டாம் தேதி, சனிக்கிழமை முடிகிறது. இருபத்து மூன்றாவது ஆணி இன்னும் காலிதான். ஏப்ரலில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். அந்தப் படத்தை மாட்ட உங்கள் சம்மதம் உண்டா? படத்தின் பிரதி ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், அது உங்களுக்கு, நீங்கள் என்ன சொன்னாலும் அது உங்களுடையது. புதுப் படிவமும் இருக்கிறது. இந்த முறை பென்சில் குறி எதுவும் போடவில்லை. பெயர், வேலை, கீழே வரவேண்டிய வரி எல்லாம் உங்கள் கையால். வேண்டாம் என்றால் அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நான் இனி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

அனந்தராமன்


எர்லாங்கன்
21 ஜூலை 2025

அனந்தராமன் தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு கிழமையாகிவிட்டது. படத்தை அடுக்களை மேசையில் சாத்தி வைத்துப் போகவும் வரவும் பார்த்தேன். முதல் நாள் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். இரண்டாம் நாள் இவர் நிமிர்த்தி வைத்திருந்தார்.

யாகோப்பு அதிகம் கதைக்காத மனிதர். படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, “நீ வேலை முடிஞ்சு வரேக்குள்ள களைச்ச முகத்தைத்தான் நான் காணுறது. இந்த முகம் எனக்குப் புதுசு” என்றார். அப்போதுதான் நானும் வடிவாகப் பார்த்தேன். நடும்போது மண்ணுக்கு ஒரு சாண் மேலேதான் எங்கள் கண் இருக்கும். பூத்து முடிந்ததும் பிடுங்கவும் அதே முழங்காலில்தான். எட்டி இருந்து, சேலை கட்டி, ஒரு பாதணியைக் கழற்றிவிட்டு, நான் நட்டதை முழுதாகப் பார்த்த நாள் எனக்கு ஞாபகத்தில் வேறு இல்லை. ஏழு கிழங்கு முளைக்கவில்லை என்று முன்பு எழுதினேன். அது உண்மைதான். ஆனால் முகத்தில் அது இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கிறது. அதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். நல்ல படம், தம்பி. மிகவும் நல்ல படம்.

ஆகவே ஓம். மாட்டலாம். படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரு நிபந்தனை. கீழே வரவேண்டிய வரியை நானே எழுதியிருக்கிறேன். அதில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. முதலில் தமிழில், அடியில் ஜேர்மனில் இருக்க வேண்டும். அதைப் பார்த்த உடனே உங்களுக்கு முகம் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். யூலியா, “அம்மா, பாவம் அந்தாள், இப்பிடி எழுதாதேங்கோ. சனம் என்ன நினைக்கும்?” என்றாள். இவரும் விடு என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. பூவைப் பற்றியோ ஊரைப் பற்றியோ ஏதாவது இனிமையாக எழுதி உங்களைக் காப்பாற்றலாம். அப்படிச் செய்தால் அதுவும் ஒரு பொய்க் கதையாகிவிடும். நடந்தது என்னவோ அதுவே படத்தின் கீழே இருக்கட்டும். உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம் துளியும் இல்லை. மதிப்பு இருக்கிறது. மதிப்பு இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் எழுதியது இது:

‘மக்டலீன் யாகோப்பு, தோட்டக்காரி. இந்தப் படத்தை எடுத்தவர் என்னைக் கேட்கவில்லை. பிறகு கேட்டார். நான் ஓம் என்றேன்.’

இதோடு மாட்ட ஏலாது என்றால் ஆணி வெறுமனே இருக்கட்டும். அப்படியானாலும் நீங்கள் தேத்தண்ணி குடிக்க வரலாம்.

மக்டலீன் அக்கா


எர்லாங்கன்
29 ஜூலை 2025

மக்டலீன் அக்காவுக்கு,

நேற்று மாலை மாட்டினேன்.

ஒரு வாரம் தாமதித்ததற்குக் காரணம் சொல்லத்தான் வேண்டும். உங்கள் வரியைப் படித்த அன்றைக்கு ஆணி காலியாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஆபீசிலிருந்து எட்டுப் பேராவது வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இன்னும் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் இது படுமே என்று கிடந்து தவித்தேன். ‘பிறகு கேட்டார்’ என்பதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாமா என்றுகூட ஒரு கெட்ட யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை நூலகம் பூட்டியிருந்தது, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். இருபத்திரண்டு பேரும் தங்கள் பெயரோடு நிற்கிறார்கள். அத்தனையையும் நான்தான் எடுத்தேன் என்று பெருமைப்பட்டவன், இதையும் நான்தான் எடுத்தேன் என்று ஏன் சொல்லக் கூடாது? வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே அளவு எழுத்தில் அடித்தேன்.

நூலகத்து அம்மையார் ஜெர்மன் வரியைப் படித்துவிட்டு, “இதை உண்மையாகவே வைக்கப் போகிறீர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

இன்று ஆபீஸ் முடிந்ததும் நேரே அங்கே போய், செய்தித்தாள் படிப்பது போல ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கையில் நாலைந்து புத்தகங்களோடு ஒரு பெண்மணி வந்தார், ஐம்பது வயது இருக்கும். எல்லாப் படத்துக்கும் இரண்டு வினாடி கொடுத்தவர் உங்களிடம் நின்றுவிட்டார். படத்தைப் பார்த்தார், வரியைப் படித்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். புத்தகங்களைத் தரையில் வைத்தார். பிறகு சுற்றிப் பார்த்து, வேறு யாரும் இல்லாததால் என்னிடம், “இவரை ஏன் கேட்கவில்லையாம்?” என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய், “எடுத்தவன் நான்தான்” என்றேன். முழுவதையும் சொன்னேன். புடவையை, கைப்பையை, அம்மா என்று நினைத்ததை, பேசப் பயந்ததை. என் ஜெர்மன் இரண்டு இடத்தில் தடுக்கியது, அவர் பொறுத்துக்கொண்டார். கடைசியில், “அந்தப் பாத்தி வழியாகத்தான் இருபது வருடமாக வேலைக்குப் போகிறேன். நட்டவர் யார் என்று நானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை” என்றார். உங்கள் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கடைசி நாள். யாகோப்பு அண்ணையையும் யூலியாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் காலை பத்து மணியிலிருந்தே உங்கள் படத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே.

அனந்தராமன்